இன்னாசிக்குப் போகாத பலன்

“உங்க புள்ள செஞ்ச பாவத்துக்கு என் பொண்ணு போய் முக்காடு போட்டுக்கணுமா? போட்டுக்கறதுன்னா நீங்க போட்டுக்குங்க அத்தே. மடத்துல வயசானவங்களையும் சேத்துக்கறாங்களான்னு நானே போய்க் கேட்டுகினு வரேன்.”

“வாய அடக்கு. நேர்ந்தாச்சு. மாதா முன்னாடி சொன்ன சொல்லு, மாத்த முடியாது.”

“நேர்ந்துக்கறவங்க அவங்கவங்க மூக்குத்திய நேர்ந்துக்கணும். என் பொண்ண நேர்ந்துக்க நீங்க யாரு?”

“அவ அப்பனப் பெத்தவ.”

“அந்தப் பெருமைய மெதுவாச் சொல்லுங்க. தெருவுல நாலு பேரு கேக்கறாங்க.”

நாலு பேர் இல்லை, மாதா கோயில் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் நின்று வெகு நேரமாகியும் ஒருவரும் குடத்தைத் தூக்கவில்லை. வழக்கமாக மாமியார் சவுரியம்மாள் வீட்டுக்குள்ளிருந்து கத்துவாள், மருமகள் அமலோற்பவம் தெருவில் நின்று கண்ணைத் துடைப்பாள். அன்று இடம் மாறியிருந்தது. மருமகள் வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்க, மாமியார் தெருவில் நின்றாள். இதைவிடப் பெரிய காரியம் ஒருவர் வீட்டிலும் அப்போது இல்லை. இத்தனைக்கும் மறுநாள் தீபாவளி.

1983இல் நடந்தது இது. எங்கள் தெருவில் பாதி வீடு வேதக்காரர்கள், பாதி வீடு அண்ணாமலையார் ஆட்கள். ஒரு வீட்டில் அதிரசம் வேகும், பக்கத்து வீட்டில் கல்லறைத் திருநாளுக்கு வாங்கிய மெழுகுவர்த்தி மீந்து கிடக்கும். சண்டை மட்டும் எல்லோருக்கும் பொது.

சண்டை எதைப் பற்றி என்றால், செத்துப்போன இன்னாசியைப் பற்றி. இன்னாசி சவுரியம்மாளின் மகன், அமலோற்பவத்தின் புருஷன். மணிலாக்கொட்டை (வேர்க்கடலைதான்) மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போகிற லாரி ஓட்டினான். ஓட்டின நேரம் போக மீதி நேரம் குடித்தான். சில நாள் இரண்டையும் சேர்த்தே செய்தான். கீழ்பென்னாத்தூரில் ராணியம்மாள் என்று ஒருத்தியை வைத்திருந்தான். அவளும் வேதக்காரிதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே போகிற வழியில் ஏரிக்கரையில் லாரியோடு கவிழ்ந்தான். சாமியார் வந்து சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசக்கூட நேரம் கொடுக்காமல் போய்ச் சேர்ந்தான். அடுத்த வருஷம் ராணியம்மாளும் காய்ச்சலில் போய்விட்டாள். அங்கே வேதக்காரர் கல்லறை இல்லை என்று அவள் அக்கா உடம்பை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப் பார்க்க, ‘என் புள்ள பக்கத்துல கூடாது’ என்று சவுரியம்மாள் கல்லறை வாசலில் உட்கார்ந்துகொண்டதில், சுற்றுச்சுவர் மூலையில் சிலுவைகூட இல்லாமல் புதைத்தார்கள்.

அமலோற்பவத்தின் இடது கை முழங்கையில் கொஞ்சம் திரும்பினாற்போல இருக்கும். அதுவும் இன்னாசியின் கைவண்ணம். அவன் கையை முறித்த சாயங்காலம் அவள் வெளியே ஓடி வரப் பார்த்தாள், முடியவில்லை. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே நின்றது சவுரியம்மாள் என்பது தெருவுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற சவுரியம்மாள், சாமியார் காதில் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை என்பதும் தெரியும். பாவத்தைச் சொல்லாதவர் நன்மை அப்பம் வாங்கக் கூடாது, அதனால் மற்றவர்கள் எழுந்து வாங்கப் போகும்போது அவள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நன்மை வாங்கும் நேரத்தில் மட்டும் வருகிற இருமல்.

இப்படி இருந்த வீட்டில்தான் புதுச் சாமியார் மத்தியாஸ் ஒரு பிரசங்கம் வைத்துக் குட்டையைக் கலக்கினார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு. சாமியார் சின்ன வயசு, பிரசங்கத்தில் ஊர்ச் சமாச்சாரம் கலந்து சொன்னால் ஜனங்களுக்கு ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போல. ‘உன் ஆடு பக்கத்துக் கொல்லையில் இறங்கி மணிலாச் செடியை மேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள். நீ போய் மன்னிப்புக் கேட்கிறாய். கொல்லைக்காரன் நல்லவன், மன்னித்துவிடுகிறான். ஆனால் மேய்ந்த கொல்லை மேய்ந்ததுதானே? அதை யார் திரும்ப நடுவது? பாவத்துக்கு மன்னிப்பு வேறு, அதற்குரிய தண்டனை வேறு. மன்னிப்புப் பெற்ற ஆத்துமாவும் தண்டனை பாக்கியிருந்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்து தீர்த்துவிட்டுத்தான் மோட்சம் போகும்’ என்றார். பிறகு, அந்தத் தண்டனையைக் கழிக்கத் திருச்சபை ஒரு வழி வைத்திருக்கிறது, அதற்குப் பரிபூரணப் பலன் என்று பெயர் என்றார். நவம்பர் மாதம் முதல் எட்டு நாளில், பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, கல்லறைக்குப் போய்ச் செத்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு, பாப்பரசர் கருத்துக்காகவும் செபம் சொன்னால், அந்தப் பலனை ஓர் ஆத்துமாவுக்குக் கொடுக்கலாம். நாளுக்கு ஒரு பலன், அவ்வளவுதான்.

சவுரியம்மாளுக்கு இதில் இரண்டு விஷயம் மட்டும் காதில் விழுந்தது. ஒன்று, இன்னாசி எங்கோ வெந்துகொண்டிருக்கிறான். இரண்டு, யாராவது நடந்துவிட்டு வந்தால் அவன் வெளியே வந்துவிடுவான்.

நடக்கிற விஷயம் என்றால் எங்கள் ஊரில் ஆராயிதான். அடி அண்ணாமலைக்காரி. நேர்ந்துகொண்டு நடக்க முடியாமல் போனவர்களுக்குப் பதிலாக மலையைச் சுற்றி வருவது அவள் பிழைப்பு. முட்டி வலிக்காரர்கள், பிரசவக்காரிகள், பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டவர்கள், எல்லோருக்காகவும் ஆராயி நடந்திருக்கிறாள். சின்ன வயசிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்த சவுரியம்மாளுக்குச் சாமியார் சொன்னதும் அதே மாதிரிதான் பட்டது. ஆளை வைத்து நடக்க வைத்தால் பலன் வைத்தவருக்குத்தானே.

கல்லறைத் திருநாளன்று ஆராயி குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, வெறுங்காலோடு கல்லறைக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்த முறைப்படி சுற்றுச்சுவரை வலமாகச் சுற்றினாள். இன்னாசி கல்லறை முன்னால் தேங்காய் உடைத்தாள், கற்பூரம் கொளுத்தினாள். விழுந்து கும்பிட்டு எழுந்தபோது எதிரில் மத்தியாஸ் சாமியார் தீர்த்தச் செம்போடு நின்றுகொண்டிருந்தார்.

“யாரும்மா நீ?”

“ஆராயி சாமி. சவுரியம்மாளுக்காக நடக்கறேன். இன்னும் ஒரு சுத்து பாக்கி.”

சாமியாருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை என்று பக்கத்துக் கல்லறைக்காரர்கள் சொன்னார்கள். ஆராயி போகும்போது இன்னாசி கல்லறை மேல் உருகியிருந்த மெழுகைக் கொஞ்சம் சுரண்டிப் பிரசாதமாகக் கொண்டுவந்து கொடுக்க, சவுரியம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். சாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார். பலனுக்கு ஆள் வைக்க முடியாது, ஞானஸ்நானம் வாங்கினவர் தானே போக வேண்டும், அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று எல்லாம் விளக்கிச் சொன்னார். “நீங்களே வாங்கலாமேம்மா. நாளைக்கே தொட்டிக்கு வாங்க” என்றார். சவுரியம்மாளுக்கு உடனே இருமல் வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி அவளுக்குக் கனவும் வந்தது. இன்னாசி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டானாம். தண்ணீரைத்தான் கேட்டான் என்பதைத் தெருவில் யாரும் நம்பவில்லை. காலையில் எழுந்ததும் கோயிலுக்குப் போய், பேத்தி ஜெசிந்தாவைக் கன்னியாஸ்திரி மடத்துக்குக் கொடுக்கிறேன், என் மகன் தண்டனையைக் கழித்துவிடு என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். அதைத்தான் அன்று குழாயடியில் அறிவித்தாள்.

ஜெசிந்தாவுக்குப் பதினேழு வயசு. பிளஸ் டூ முடித்துவிட்டு, குணபாலன் நடத்துகிற டைப்ரைட்டிங் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாட்டி சொன்னதைக் கேட்டு அம்மாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

“நான் போவல. கட்டி இஸ்துகினு போனாலும் மறுநாள் பஸ் ஏறி வந்துடுவேன். எனக்கு டிசம்பர்ல ஹையர் பரீட்சை இருக்குது.”

“பாத்தியா, பேச்சைப் பாத்தியா. உன்ன மாதிரியே வளத்து வெச்சிருக்கே.”

“வேற யாரு மாதிரி வளக்கச் சொல்றீங்க? உங்க புள்ள மாதிரியா?” என்றாள் அமலோற்பவம்.

 சவுரியம்மாளிடம் வேறு சரக்கு இருந்தது. “வூடு என் பேருல இருக்குது. ஞாபகம் வெச்சுக்கோ. பொண்ணு மடத்துக்குப் போவணும், இல்லன்னா ரெண்டு பேரும் மெசினத் தூக்கிகினு கெளம்பணும். மடத்து அம்மா இந்த மாசக் கடைசியில வராங்க. சொல்லி அனுப்பிட்டேன்.”

அப்போதுதான் எங்களுக்கும் பகீரென்றது. அமலோற்பவம் தையல் மெஷினை வைத்துப் பிழைப்பவள். தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் மகளை உள்ளே போகச் சொன்னாள். பிறகு, “உங்களுக்கு இன்னா வேணும் அத்தே? என் பொண்ணா, இல்ல உங்க புள்ளைக்குத் தண்டனை தீரணுமா?” என்றாள்.

“தண்டனை தீரணும்.”

“அந்தப் பலன நான் வாங்கிக் குடுத்துட்டா பொண்ணு பேச்ச வுட்டுடுவீங்களா?”

சவுரியம்மாள் யோசித்தாள். “வாங்கினா வுடறேன். நான் கண்ணால பாக்கணும்.”

“பாருங்க. இவங்கள்லாம் சாட்சி” என்று எங்களைக் காட்டினாள் அமலோற்பவம். சாட்சியாக இருப்பதில் எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

தீபாவளி வெடிச் சத்தத்தில் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அமலோற்பவம் சாமியாரைப் பார்க்கப் போனாள். அங்கே நடந்ததை ஆராயி வந்து சொன்னாள். ஆராயி எதற்கு அங்கே போனாள் என்றால், தான் சுற்றினது செல்லாது என்றால் எதனால், இடமாகச் சுற்றியிருக்க வேண்டுமோ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனாளாம். தொழில் விஷயத்தில் அவள் கறார்.

அமலோற்பவம் தையல்காரி. அளவு கேட்கிற மாதிரியே கேட்டிருக்கிறாள்.

“மாமியா நேர்ந்துகிட்டது என் பொண்ணக் கட்டுமா சாமி?”

“கட்டாது. ஒருத்தர் தன்னைத்தான் நேர்ந்து கொடுக்க முடியும். நான் அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்.”

“நீங்க சொன்னதக் கேக்க மாட்டாங்க. நேத்து வந்த பையன்றாங்க உங்கள. சரி, இந்தப் பலன வாங்கினா யாருக்குக் குடுக்கறது? செத்தவங்க எல்லாத்துக்கும் பங்கா?”

“இல்ல, ஓர் ஆத்துமாவுக்கு. நீங்க மனசுல நினைக்கிற ஆத்துமாவுக்கு.”

“வெளிய பேரச் சொல்லணுமா?”

“வேண்டியதில்ல. சொன்னாலும் தப்பில்ல.”

“மனசுல கோவம் இருக்கக்கூடாதா?”

“பாவத்து மேல ஒட்டு இருக்கக்கூடாது. பகை இருந்தா விடணும். மன்னிக்கணும்.”

அதற்கு அவள் முந்தானையைப் பிரித்துப் பிரித்து மடித்தாளாம். பிறகு, “சரி சாமி, எட்டாந்தேதி காலையில வரேன்” என்று எழுந்துவிட்டாள். வழியில் வண்டிக்காரக் காசி வீட்டுத் திண்ணைப் பக்கம் நின்று ஏதோ பேசினாள் என்பதையும் ஆராயிதான் சொன்னாள். அதை நாங்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டோம். காசி பெண்டாட்டியை இழந்தவன், வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

எட்டாந்தேதி காலையில் அமலோற்பவம் தொட்டிக்குப் போனாள். நேரமானது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். வெளியே வந்தபோது முகம் கழுவினாற்போல இருந்தது. பூசையில் எழுந்து போய் நன்மை வாங்கினாள். சவுரியம்மாள் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்து இருமிக்கொண்டே பார்த்தாள்.

சாயங்காலம் கல்லறைக்குத் தெருவில் பாதிப் பேர் போனோம். வேதக்காரர் அல்லாதவர்களும்தான், சாட்சி என்று சொன்ன பிறகு போகாமல் இருந்தால் நன்றாயிருக்காது. எட்டு நாளின் கடைசி என்பதால் சாமியாரும் கல்லறைகளை மந்திரிக்க வந்திருந்தார். சவுரியம்மாள் ரிக்ஷாவில் வந்து இறங்கி, இன்னாசி கல்லறை ஓரத்தில் துண்டு விரித்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. மகன் வெளியே வந்ததும் குடிக்கக் கொடுப்பாள் போல.

அமலோற்பவம் வந்தாள். கையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. இன்னாசி கல்லறை முன்னால் நின்றாள். சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்தாள். அப்புறம் நடக்கத் தொடங்கினாள்.

“எங்க போறே? இவன் இங்க இருக்கான்” என்றாள் சவுரியம்மாள்.

“தெரியுது அத்தே. மூணு வருசமா இங்கதான் இருக்காரு. அதுக்கு முன்னாடிதான் எங்க இருக்காருன்னு தெரியாது.”

நேரே சுற்றுச்சுவர் மூலைக்குப் போனாள். அங்கே புல் மண்டின மேடு ஒன்றுதான் இருந்தது. புல்லைக் காலால் ஒதுக்கி, மெழுகுவர்த்தியை ஊன்றிக் கொளுத்தினாள். முட்டி போட்டாள். விசுவாசப் பிரமாணம் சொன்னாள், பாப்பரசர் கருத்துக்காகப் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொன்னாள். ஒன்றும் குறைவில்லை. கடைசியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“ஆண்டவரே, இன்னிக்கு நான் வாங்கின பலனு கீழ்பென்னாத்தூர் ராணியம்மாளுக்கு.”

சாமியார் கையிலிருந்த தீர்த்தத் தெளிப்பான் அப்படியே நின்றது. எங்களுக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சவுரியம்மாள், நடக்க முடியாது என்று ரிக்ஷாவில் வந்தவள், மூலை வரைக்கும் ஒரே மூச்சில் வந்துவிட்டாள்.

“அவளுக்கா? உன் வாழ்க்கையக் கெடுத்தவளுக்கா குடுத்தே?”

“என் வாழ்க்கையக் கெடுத்தவரு அங்க இருக்காரு. இப்பதான் நீங்களே காட்டுனீங்க.” அமலோற்பவம் எழுந்து முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். “இவளும் அவருகிட்ட அடி வாங்கினவதான். எனக்குக் கை, இவளுக்கு முன்பல்லு. இவ அக்கா சொன்னா. இவளுக்குன்னு வேண்டிக்க ஒரு ஆளு கெடையாது. உங்க புள்ளைக்கு நீங்க இருக்கீங்க.”

“சாமி, கேட்டீங்களா? இவ அவன மன்னிக்கவே இல்ல. மனசுல பகை வெச்சுகினு நன்மை வாங்கியிருக்கா. இது செல்லாது.”

“மன்னிச்சுட்டேன்” என்றாள் அமலோற்பவம். “காலையில தொட்டியிலயே மன்னிச்சுட்டேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. மன்னிச்சுட்டேன். ஆனா சாமி பிரசங்கத்துல இன்னா சொன்னாரு? மன்னிப்பு வேற, தண்டனை வேறன்னாரு. ஆட்டுக்காரர நான் மன்னிச்சுட்டேன் அத்தே. மேய்ஞ்ச கொல்லைய நானே திரும்ப நட்டுக் குடுக்கணும்னா, அது என்னால முடியாது. போலீஸ் ஸ்டேசன்ல அவருக்காக நின்னேன். சாராயக் கடையில அவரு பாக்கிக்காக நின்னேன். லாரி ஓனர் வூட்டு வாசல்ல நின்னேன். இப்ப மேலயும் போய் அவருக்காக நிக்கணுமா? கொஞ்ச நாளு அவரே நிக்கட்டும். நின்னு பழகட்டும்.”

எல்லோரும் சாமியாரைப் பார்த்தோம். அவர் முகத்தில் படித்த புத்தகங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடினாற்போல இருந்தது.

“அது கடமை இல்ல” என்றார் கடைசியில்.

“இன்னா சாமி?” என்றாள் சவுரியம்மாள்.

“யாருக்குக் கொடுக்கிறதுங்கறது வாங்கறவங்க விருப்பம்மா. இன்னாருக்குக் கொடுன்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்தா நல்லது. கொடுக்கலைன்னா...” அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

சவுரியம்மாளின் குரல் இறங்கிவிட்டது. “அப்ப என் புள்ள?” என்றாள். கேட்ட விதத்தில் எங்களில் ஒன்றிரண்டு பேருக்குக் கண் கலங்கியது. தாய் தாய்தானே.

அமலோற்பவத்துக்குக் கலங்கவில்லை. “நீங்க வாங்குங்க அத்தே. பெத்தவங்க வாங்கக்கூடாதுன்னு எங்கயும் சொல்லல. இன்னும் பொழுது இருக்குது, சாமியும் இங்கதான் இருக்காரு. இன்னா, பாவசங்கீர்த்தனம் பண்ணணும். தாழ்ப்பாள் போட்டதச் சொல்லணும். அதச் சொல்லப் பயந்துகினு எம் பொண்ண அனுப்பப் பாத்தீங்க.”

அந்த வார்த்தை விழுந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் மெழுகுவர்த்தியைப் பார்த்தோம்.

“வூட்டுக்கு வராதே” என்றாள் சவுரியம்மாள்.

“வரல. சாமான ஏத்தியாச்சு.”

சுற்றுச்சுவருக்கு வெளியே காசியின் டயர் வண்டி நின்றது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. தையல் மெஷின், இரண்டு பெட்டி, பாய்ச் சுருள், அதன்மேல் ஜெசிந்தா. அவள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு, நாங்கள் பார்த்ததும் கையை ஆட்டினாள். மருமகள் காசியிடம் பேசினது வண்டி வாடகைக்கு என்பது அப்போதுதான் விளங்கிற்று. எங்கள் இரண்டு நாள் ஆராய்ச்சி அத்தனையும் வீண்.

“எங்க போறே?” என்றாள் சவுரியம்மாள், தன்னை அறியாமல்.

“கீழ்பென்னாத்தூர். ராணியம்மா அக்கா வூட்டுல ஒரு ரூமு காலியா இருக்குது. ஒரே ஒரு விசயம் அத்தே. மடத்து அம்மா வந்தாங்கன்னா, பொண்ணு இல்ல, ஊர வுட்டுப் போயிட்டான்னு சொல்லிடுங்க. பொய் இல்ல அது, தைரியமாச் சொல்லலாம்.”

அமலோற்பவம் வண்டியில் ஏறிப் போனாள். திரும்பிப் பார்த்தாளா என்று கேட்டால், பார்த்தாள். பாய்ச் சுருள் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.

சவுரியம்மாள் மகன் கல்லறைக்கு வந்து துண்டின் மேல் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகக் கிளம்பினோம் என்று சொன்னால் அது பொய். ஒருவரும் கிளம்பவில்லை. மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சாமியார் மீதிக் கல்லறைகளை மந்திரித்துவிட்டு வாசல் பக்கம் போகும்போது, அவள் “சாமி” என்று கூப்பிட்டாள். அவர் வந்தார். அவள் எங்களைக் கையால் காட்டினாள். சாமியார் எங்களைப் பத்தடி தள்ளிப் போகச் சொன்னார். போனோம். அவர் ஒரு பெரிய கல்லறை மேல் உட்கார்ந்து ஊதா நிறப் பட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காதைச் சாய்த்தார். அவள் முட்டி போட்டாள்.

பத்தடி ரொம்ப மோசமான தூரம். உதடு அசைவது தெரிகிறது, வார்த்தை தெரியவில்லை. ஓர் இடத்தில் கதவு திறப்பது போலவோ மூடுவது போலவோ கையைக் காட்டினாள். அதை வைத்துத் தெருவில் ஒரு மாதம் பேசினோம். சாமியார் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கையை உயர்த்தி மந்திரம் சொன்னார். அவள் எழுந்தபோது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மறுநாள் பூசையில் (நன்மை ஒரு நாள் பிந்தினாலும் செல்லும் என்றாராம் சாமியார்) அவள் எழுந்து போய் நன்மை வாங்கினாள். இருமவில்லை. இன்னாசிக்கு அந்தப் பலன் போய்ச் சேர்ந்ததா, அவன் வெளியே வந்தானா என்பதை நாங்கள் விசாரிக்க வழியில்லை. அப்புறம் கனவில் வரவில்லை என்று மட்டும் சவுரியம்மாள் ஒரு தரம் சொன்னாள். மடத்து அம்மா மாசக் கடைசியில் வந்தபோது, “அவ ஊர வுட்டுப் போயிட்டா” என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள். அமலோற்பவத்தைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை, அவள் வரவும் இல்லை. இரண்டு பேரும் வழியில் பார்த்தால் பேசிக்கொள்வார்களா என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஆசைப்பட்டோம். பேசுவார்களாம். பஸ் எத்தனை மணிக்கு என்கிற அளவுக்கு.

ராணியம்மாள் மேட்டில் ஆறு மாதம் கழித்து ஒரு சிமெண்டுச் சிலுவை வந்தது. யார் வைத்தது என்று ஆராயியைக் கேட்டோம். அவளுக்கும் தெரியவில்லை என்றாள். அவளுக்கே தெரியாதது எங்கள் ஊரில் அந்த ஒன்றுதான்.

மத்தியாஸ் சாமியார் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார். போகிற நாளில் ஆராயி அவருக்காகவும் ஒரு தரம் மலையைச் சுற்றினாள், கேட்காமலே. ஜெசிந்தா ஹையர் பாஸ் செய்தாள். குணபாலனுக்கும் அவளுக்கும் என்று நாங்கள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தோம். அவர் வந்தவாசிப் பக்கம் தங்கள் ஜைன ஆட்களிலேயே ஜினமதி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் வாயை அடைத்தார். கீழ்பென்னாத்தூர் மணிலா மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சூசைநாதன், பெண்டாட்டியை இழந்தவர், அடிக்கடி சட்டை தைக்கக் கொடுக்கிறார், ஒரு மனுஷனுக்கு எதற்கு இத்தனை சட்டை என்று ராணியம்மாள் அக்கா சந்தையில் சொன்னாள். அவர் குடிப்பாரா என்று நாங்களே ஆள் விட்டு விசாரித்தோம். குடிக்கமாட்டார். 1985 வைகாசியில் அமலோற்பவம் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், மகளுக்கு முன்னால், ஊரறிய, ரோஜா நிறப் பட்டுப்புடவையில். ஜெசிந்தாவுக்கு அதற்கு அடுத்த வருஷம் போளூர் பஸ் டிப்போ மெக்கானிக்கோடு ஆயிற்று. இப்போது போளூரிலேயே இருக்கிறாள். சவுரியம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்த தன் மகள் வீட்டோடு போய்விட்டாள்.